குறைமாதக் குழந்தைகளுக்குக் குரோஷா தொப்பி: என்ன நூல், என்ன அளவு, யாரிடம் கொடுப்பது?

நூல்பைத்தியம் (கோவை):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் பெண்கள் சிலர் சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்து குரோஷா போடுவோம். இதுவரை கைப்பை, மேசை விரிப்பு, கொலுவுக்குப் பொம்மை என்று ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 17 உலகக் குறைமாதக் குழந்தைகள் தினம் வருகிறதே, அதற்குள் கொஞ்சம் குட்டித் தொப்பிகள் போட்டு அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொடுப்போம் என்று எங்களில் ஒருவர் சொன்னார், எல்லோரும் உடனே சரி என்று தலையாட்டிவிட்டோம். நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொரு சந்தேகமாக வருகிறது.

யூடியூபில் ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள். அதிலும் முக்கால்வாசி வெளிநாட்டு வீடியோக்கள், அந்த ஊர்க் குளிருக்குப் போடுகிற தொப்பி இங்கே ஒத்துவருமா என்று தெரியவில்லை. ஸ்வெட்டர் போட்டு மிஞ்சிய அக்ரிலிக் நூல் எங்களிடம் ஒரு மூட்டை இருக்கிறது, அதையே வைத்துப் போடலாமா அல்லது புதிதாகக் காட்டன் நூல் வாங்கத்தான் வேண்டுமா? முயல் காது, ஆந்தைக் கண் எல்லாம் வைத்தால் அழகாக இருக்கும் என்று சிலருக்கு ஆசை. அந்தத் தினத்துக்கு ஊதா நிறம் என்கிறார்களே, எல்லாமே ஊதாவில்தான் இருக்க வேண்டுமா? கூடவே குரோஷா ஆக்டோபஸ் பொம்மையும் போடலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. நேரில் கொண்டுபோய் நீட்டினால் வாங்கிக்கொள்வார்களா, யாரைப் பார்க்க வேண்டும்?

கடைசியாக என் மாமியார் கேட்டது: "மே மாச வெயிலில் பொறக்கிற பிள்ளைக்குத் தலையில எதுக்குத் தொப்பி?" இதற்கு எங்கள் யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குரோஷாபாட்டி (மயிலாப்பூர்):

நல்ல காரியம்மா. மருத்துவமனை விஷயம் அங்கே வேலை செய்கிறவர்கள் வந்து சொல்லட்டும், நான் ஊசி விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வீடியோக்களில் "ப்ரீமி சைஸ்" என்று ஒரே ஒரு அளவு சொல்வார்கள், அதை நம்பாதே. 24 வாரத்தில் பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 22 செ.மீ.தான், ஒரு சாத்துக்குடி அளவு. 28 வாரம் என்றால் 26 செ.மீ. பக்கம், 32 வாரத்துக்கு 29 அல்லது 30, 36 வாரத்துக்கு 33 வரை போகும். நிறைமாதக் குழந்தைக்கே 34, 35தான். ஆக "குறைமாதம்" என்ற ஒரே சொல்லுக்குள் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. ஒரே அளவில் ஐம்பது தொப்பி போட்டுக் கொடுத்தால் அதில் பாதி யாருக்கும் பொருந்தாது.

தொப்பியைத் தலையைவிட ஒன்றரை, இரண்டு செ.மீ. குறைத்துப் போட வேண்டும், இழுபட்டுப் பிடித்துக்கொள்ளும். 30 செ.மீ. தலை என்றால் தொப்பிச் சுற்று 28. அதை 3.14ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 செ.மீ. உச்சியில் நீ போடுகிற வட்டம் 9 செ.மீ. விட்டம் வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராக இறங்கு. நான் 3.5 மி.மீ. ஊசியில் ஹாஃப் டபுள் குரோஷே (நடுத்தர உயரக் கண்ணி) போடுவேன். மேஜிக் ரிங்கில் (இழுத்துச் சுருக்குகிற ஆரம்ப வளையம்) 8 கண்ணி, ஒவ்வொரு சுற்றுக்கும் 8 கூட்டினால் ஆறாவது சுற்றில் 48 ஆகும், எனக்கு அதுவே 9 செ.மீ. காட்டும். உன் கை இறுக்கமா தளர்வா என்பதைப் பொறுத்து மாறும், அதனால் சுற்றை எண்ணாதே, ஸ்கேலை வைத்து அள. உச்சியிலிருந்து விளிம்பு வரை 12 செ.மீ. உயரம் போதும். 26 செ.மீ. தலைக்கு வட்டம் ஏழரை, உயரம் பத்தரை. 33க்கு வட்டம் பத்து, உயரம் 13, 14. விளிம்பை ஒரு மடிப்பு மடிக்கிற மாதிரி இன்னும் இரண்டு செ.மீ. நீட்டினால் குழந்தை வளர வளர இறக்கிவிடலாம். நன்றாகப் பால் குடித்துத் தேறுகிற குழந்தைக்கு வாரத்துக்கு ஒரு செ.மீ. அளவில் தலை வளரும், கொடுத்த தொப்பி ஒரு மாதத்தில் சின்னதாகிவிடும்.

இன்னொன்று. இந்தக் குழந்தைகளைப் பக்கவாட்டில் மாற்றி மாற்றிப் படுக்க வைப்பதால் பலருக்குத் தலை கொஞ்சம் நீளவாக்கில் ஒடுங்கியிருக்கும். மண்டை மாதிரியே கச்சிதமான வட்டத் தொப்பி போட்டால் காதுப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு நல்லது ரிப் தொப்பி. அகலவாக்கில் போகாமல் நீளவாக்கில் சிங்கிள் குரோஷேயைப் பின் கண்ணியில் மட்டும் போட்டுப் பட்டை மாதிரி கொண்டுபோய், இரண்டு முனையையும் சேர்த்து, உச்சியைச் சுருக்கிவிடுவது. அது எந்தத் தலைக்கும் வளைந்து கொடுக்கும். தையல் வரும் பக்கத்தை வெளியே விடு, உள்ளே விட்டால் அந்தத் தோலில் வரி விழும்.

பெரிய ஓட்டை வைத்த டிசைன், ஷெல், பைனாப்பிள் எல்லாம் வேண்டாம். சூடு அதன் வழியாகவே போய்விடும், அப்புறம் தொப்பி போட்டு என்ன பயன்? காது, கண், பொத்தான், பாம்பாம், ரிப்பன் எதுவும் வேண்டாம். குழந்தை பக்கவாட்டில் படுத்திருக்கும்போது அந்த முயல் காது தலைக்கு அடியில் மாட்டி அழுத்தும்.

நைட்_டூட்டி (தென் மாவட்டம்):

நான் எஸ்என்சியூவில் (அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பிரிவு) ஸ்டாஃப் நர்ஸ். பாட்டி சொன்ன அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மாமியார் கேட்டது நல்ல கேள்வி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வெளியே 40 டிகிரி அடிக்கட்டும், குறைமாதக் குழந்தைக்கு அது கணக்கில்லை. நமக்குத் தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு அதற்குச் சேரவே இல்லை, தோலும் காகிதம் மாதிரி மெல்லியது, எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு ரொம்ப அதிகம், அந்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு தலை மட்டுமே. உடம்புச் சூடு 36.5லிருந்து 37.5க்குள் இருக்க வேண்டும். குறைந்தால் சர்க்கரை இறங்கும், மூச்சுத் திணறும், குடிக்கிற கொஞ்சம் பாலும் எடை ஏறப் போகாமல் சூடு காக்கவே செலவாகிவிடும். பிரசவ அறையில் ஏசி ஓடும், மின்விசிறிக் காற்று அடிக்கும், குழந்தை ஈரமாக வெளியே வரும். நன்றாகத் துடைக்காமல் ஈரத் தலையில் எவ்வளவு நல்ல தொப்பி போட்டாலும் பிரயோஜனம் இல்லை. 32 வாரத்துக்கு முன்னால் பிறக்கிற ரொம்பச் சின்னக் குழந்தைகளைப் பிறந்தவுடன் சுத்தமான பிளாஸ்டிக் உறையில் கழுத்து வரை வைப்பதுதான் இப்போது வழக்கம், துணிகூட அப்புறம்தான்.

அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். வார்டில் இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் எந்நேரமும் தொப்பி போட்டிருக்க மாட்டோம். வார்மரில் மேலிருந்து சூடு வரும், உடம்பைத் திறந்துதான் வைத்திருப்போம். மூச்சுக்கு உதவுகிற சிபாப் கருவி மாட்டிய குழந்தைக்குக் குழாயைப் பிடித்து நிறுத்துகிற அதற்கே உரிய தொப்பி இருக்கிறது. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைத்தால் எவ்வளவு தோலில் வெளிச்சம் படுகிறதோ அவ்வளவு நல்லது, தொப்பியைக் கழற்றிவிடுவோம். சில சமயம் கையில் நரம்பு கிடைக்காமல் தலையில்தான் ஊசி போட்டிருப்போம், அங்கே மேலிருந்து மாட்டுகிற தொப்பி முடியாது.

தொப்பி உண்மையாக உழைக்கிற இடம் கங்காரு பராமரிப்பு. அம்மாவின் நெஞ்சோடு வெறும் உடம்பாகக் குழந்தையைச் சேர்த்துக் கட்டி வைப்பது. 1978ல் கொலம்பியாவில் பொகோட்டா நகரத்து அரசு மருத்துவமனையில் இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க டாக்டர் எட்கர் ரே என்பவர் ஆரம்பித்தது. ஏழை ஆஸ்பத்திரியின் மாற்று ஏற்பாடு என்று பல காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2021ல் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளில் நடந்த ஆய்வு வெளிவந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளுக்கு, உடல்நிலை சீராகட்டும் என்று காத்திருக்காமல் பிறந்த உடனே இதை ஆரம்பித்ததில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. இப்போது எங்கள் வார்டில் அம்மாக்கள் சாய்வு நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைக்கு ஒரு நாப்கின், சாக்ஸ், தொப்பி, அவ்வளவுதான் உடை. உடம்பு முழுக்க அம்மாவின் சூட்டில் இருக்கும், வெளியே தெரிகிறது தலை மட்டும். அந்தத் தலைக்குத்தான் உங்கள் தொப்பி.

நூல் விஷயம். வார்டில் பொதுவாகப் பயன்படுத்துகிற துணியைத் துவைத்து ஆட்டோகிளேவில் நீராவியில் வைத்துத்தான் எடுப்போம். அந்தச் சூட்டில் அக்ரிலிக் தொய்ந்து, ஒருமுறை இழுத்தால் திரும்பச் சுருங்காத மாதிரி ஆகிவிடும். அதனால் வார்டுக்கு என்றால் காட்டன் மட்டும். ஆட்டுக் கம்பளி, மொஹேர் மாதிரி மயிர் உதிர்கிற நூல் எதுவும் கூடாது, மூச்சுக்குழாய் பக்கத்தில் இழை பறக்கும். மூட்டையாக இருக்கிற அக்ரிலிக்கை நீங்கள் தூக்கிப் போட வேண்டாம், பெரிய பிள்ளைகளுக்கு ஏதாவது போடுங்கள்.

இது ரொம்ப முக்கியம்: பீரோவில் பாச்சை உருண்டை, அந்துருண்டை போட்டு வைத்த நூலோ துணியோ தயவுசெய்து வேண்டாம். அதில் இருக்கிற நாஃப்தலீன், ஜி6பிடி குறைபாடு (ரத்த அணுக்களைக் காக்கிற ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை ஒரேயடியாக ஏற்றிவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியாது. சாம்பிராணிப் புகை காட்டுவது, வாசனைக் கண்டிஷனர் போடுவது இரண்டும் வேண்டாம். வாசனை இல்லாத சோப்பில் துவைத்து, வெயிலில் காய வைத்து, புது பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள், போதும். பூனை, நாய் வளர்க்கிற வீடு என்றால் அதற்கு எட்டாத இடத்தில் வைத்துப் போடுங்கள்.

ஆக்டோபஸ் டென்மார்க்கில் 2013ல் ஆரம்பித்த வழக்கம். அதன் கால்கள் தொப்புள்கொடி மாதிரி இருப்பதால் குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு டியூபை இழுக்காது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. எங்கள் கவலை வேறு, உள்ளே அடைத்த பஞ்சு துவைத்தால் சீக்கிரம் காயாது, கிருமிக்கு அது நல்ல இடம். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பனியன்_கம்பெனி (திருப்பூர்):

தப்பாக நினைக்கக் கூடாது, மனதில் பட்டதைச் சொல்கிறேன். சிஸ்டர் சொல்வதை எல்லாம் பார்த்தால் காட்டனாக இருக்க வேண்டும், இழுபட வேண்டும், தினம் துவைக்க வேண்டும், ஆட்டோகிளேவ் தாங்க வேண்டும். இது எல்லாமே பனியன் துணியின் குணம் அல்லவா? இன்டர்லாக் துணியில் இரண்டு துண்டு வெட்டி ஓவர்லாக் மெஷினில் ஓட்டினால் டீ ஆறுவதற்குள் ஒரு தொப்பி முடிந்துவிடும். விளிம்புக்கு ரிப் வைத்தால் மடிப்பும் ஆச்சு. நீங்கள் ஒரு தொப்பிக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஊசியோடு உட்கார்ந்திருப்பீர்கள். எங்கள் ஊரில் கட்டிங்கில் மிஞ்சுகிற துண்டுத் துணி மூட்டை மூட்டையாகப் போகிறது, அதில் குழந்தைத் தலைக்கு எட்டுகிற துண்டு எவ்வளவோ இருக்கும். வெள்ளை அல்லது வெளிர் நிறமாகப் பார்த்து எடுத்தால் சாயப் பிரச்சினையும் இல்லை. அடர் நிறம், அந்த ஊதா உட்பட, முதல் இரண்டு மூன்று துவைப்பில் சாயம் விடும், குழந்தைத் தலையில் வேண்டாமே.

பிரிண்ட் அடித்த துணியையும் தவிர்த்துவிடுங்கள். ரப்பர் பிரிண்ட் ஆட்டோகிளேவில் ஒட்டிக்கொள்ளும்.

குரோஷாபாட்டி:

தம்பி, நீங்கள் சொல்வது கணக்குக்குச் சரி. ஒரு வார்டுக்கு நூறு தொப்பி அவசரமாக வேண்டும் என்றால் உங்கள் மெஷின்தான் சரி, நான் ஊசியைத் தூக்கிக்கொண்டு போட்டிக்கு வர மாட்டேன். ஆனால் இந்தப் பெண்கள் கேட்டது மெஷின் வாங்குவதைப் பற்றி இல்லையே. அவர்கள் கையில் இருக்கிற வேலையை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். எல்லாரும் பணமாகக் கொடுத்துவிடலாம் என்று சொன்னால் அதுவும் சரிதான், அப்புறம் யாரும் கையால் எதுவும் செய்ய வேண்டாம்.

இதில் எண்ணிக்கை மட்டும் பெரிது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். 2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவினர் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டருக்குப் போர்வை போட்டுக் கின்னஸில் இடம் பிடித்தார்கள், குரோஷா தெரிந்த பெண்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்களா என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. அது சாதனை, அதன் சந்தோஷம் தனி. வார்டுக்குக் கொடுக்கிற தொப்பியில் அந்த மாதிரி இலக்கு வைத்துக்கொண்டு ஓடினால் கடைசி வாரத்தில் அவசரமாகப் போட்டது எல்லாம் முடிச்சும் பிசிறுமாக வந்து நிற்கும்.

நைட்_டூட்டி:

இரண்டு பேரும் சொல்வது சரி, சண்டை வேண்டாம். இரண்டுக்கும் வேறு வேறு இடம் இருக்கிறது. வார்டுக்குள் தினமும் போட்டுக் கழற்றித் துவைக்கப் பனியன் துணித் தொப்பி. எங்களுக்கு அது எவ்வளவு வந்தாலும் தீர்ந்துவிடும், அண்ணா உண்மையாகவே அனுப்புவதாக இருந்தால் பக்கத்து மாவட்ட மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். கூடவே முன்பக்கம் திறக்கிற கையில்லாத சட்டை, ஒன்றரைக் கிலோ குழந்தைக்குப் பொருந்துகிற அளவில், அதுவும் வேண்டும். கடையில் அந்த அளவே கிடைப்பதில்லை.

குரோஷா தொப்பியை நாங்கள் ஒரு குழந்தைக்கு ஒன்று என்று அம்மா கையிலேயே கொடுத்துவிடுவோம். அது அந்தக் குழந்தையுடையது, மாற்றி மாற்றிப் போட மாட்டோம், கங்காருவில் உட்காரும்போதும் டிஸ்சார்ஜ் ஆகி பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வீட்டுக்குப் போகும்போதும் போட்டுக்கொள்வார்கள். காற்று முகத்தில் அடிக்கிற அந்தப் பயணத்தில் தொப்பி நிஜமாகவே தேவை.

ஆனால் வீட்டுக்குப் போன பிறகு ஒரு எச்சரிக்கை. எடை தேறி வீட்டுக்குப் போன குழந்தைக்கு அறைக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டியதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022ல் வெளியிட்ட தூக்கப் பாதுகாப்பு வழிகாட்டியும் பிறந்த முதல் சில மணி நேரமும் என்ஐசியூவும் (பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு) தவிர வீட்டுக்குள் தொப்பி போட வேண்டாம் என்றுதான் சொல்கிறது. தலை வழியாகவும் நிறையச் சூடு வெளியேறும் என்பதால், மூடி வைத்தால் உடம்பு கொதிக்கும், தொப்பி நழுவி மூக்கை மூடவும் கூடும். இங்கே பாட்டிமார் ஏப்ரல் மாதத்திலும் தொப்பி, அதன் மேல் ஒரு துண்டு என்று சுற்றி வைத்திருப்பார்கள், கழுத்தெல்லாம் வேர்க்குரு. டிஸ்சார்ஜ் அன்று கங்காருவைத் தொடர வேண்டிய சின்னக் குழந்தை எது, தொப்பியை விட்டுவிடலாம் என்கிற குழந்தை எது என்று டாக்டர் தனித்தனியாகச் சொல்லிவிடுவார், அதைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

முப்பதாம்_வாரம் (திண்டுக்கல்):

நான் ஊசி பிடிக்கத் தெரியாதவள். வாங்கிக்கொண்ட பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

என் மகன் 30 வாரத்தில் பிறந்தான், 1,240 கிராம். எங்கள் பக்கம் குழந்தை பிறப்பதற்கு முன்னால் துணிமணி எதுவும் வாங்கி வைக்க மாட்டோம், பிறந்த பிறகும் முதலில் பழைய வேட்டி, பாட்டியின் நூல் சேலை கிழித்ததில்தான் சுற்றுவோம். நிறைமாதம் என்றால் அது ஒரு குறையாகவே தெரியாது. எனக்கு வளைகாப்புகூட நடக்கவில்லை, அதற்குள் பிரசவம். வீட்டில் குழந்தைக்கென்று ஒரு துணி கிடையாது. என் கணவர் ஓடிப்போய்க் கடையில் இருப்பதிலேயே சின்னதாக ஒரு தொப்பி வாங்கி வந்தார், "0 முதல் 3 மாதம்" என்று போட்டிருந்தது. போட்டால் மூக்கு வரை இறங்கியது. நர்ஸ் அதைப் பின்னால் மடித்து பிளாஸ்டர் ஒட்டிப் போட்டுவிட்டார். அப்புறம் யாரோ கொடுத்தது என்று வார்டிலிருந்து ஒரு வெளிர் மஞ்சள் குரோஷா தொப்பி கொடுத்தார்கள், அது அவனுக்குப் பொருந்தியது. அதுவரை ஒயரும் டியூபுமாகவே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அன்றைக்குத்தான் முகத்தை ஒழுங்காகப் பார்த்த மாதிரி இருந்தது. இந்தியாவில் வருடத்துக்கு 30 லட்சம் குழந்தைகள் இப்படிக் குறைமாதத்தில் பிறப்பதாக 2020ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது, உலகத்திலேயே நாம்தான் அதிகம். அப்படியிருந்தும் கடையில் அந்த அளவில் ஒன்றும் கிடைப்பதில்லை என்பது எனக்கு இன்னும் கோபம்தான்.

இன்னொன்று, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொல்கிறேன். எங்கள் வார்டில் எல்லாக் குழந்தையும் வீட்டுக்குப் போகவில்லை. ரொம்பச் சின்ன அளவில், அந்த 22 செ.மீ. அளவில், வெள்ளையில் சில தொப்பிகளும் சேர்த்துக் கொடுங்கள். எதற்கு என்று எழுதி ஒட்ட வேண்டாம், நர்ஸ்களுக்குத் தெரியும்.

கொடுக்க வருகிறவர்கள் குழந்தையோடு ஃபோட்டோ கேட்காதீர்கள். எங்களிடம் ஒரு குழு கேட்டது. நான் அப்போது நைட்டியில், தலை வாராமல், பால் பீய்ச்சிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். அவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள், ஆனாலும்.

நைட்_டூட்டி:

ஃபோட்டோ விஷயத்தை நானே எழுத நினைத்தேன், நீங்கள் சொன்னது நல்லது. வார்டுக்குள் வெளியாட்களை விடவே மாட்டோம், ஃபோட்டோ பிளாஷும் கூடாது. தொப்பியை வார்டு வாசலில் எங்கள் கையில் திணிக்கவும் வேண்டாம், நாங்களாக வாங்கிக்கொள்ள முடியாது. முதலில் மூட்டை எதுவும் தூக்காமல் போய் ஆர்எம்ஓவையோ (நிலைய மருத்துவ அலுவலர்) நர்சிங் கண்காணிப்பாளரையோ பாருங்கள். ஒரு கடிதம், இரண்டு மாதிரித் தொப்பி போதும். அவர்கள் குழந்தைகள் பிரிவு டாக்டரிடம் கேட்டுச் சொல்வார்கள். சில இடங்களில் வெளித்துணியே வேண்டாம் என்பார்கள், கிருமித் தொற்று விதி அங்கே கடுமையாக இருக்கும், அதற்குக் கோபப்படாமல் அடுத்த மருத்துவமனையைப் பாருங்கள். ஐம்பது தொப்பி போட்டு முடித்துவிட்டுக் கேட்கப் போவதைவிட, கேட்டுவிட்டுப் போடுவது எல்லோருக்கும் நல்லது.

நவம்பர் 17க்கு என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அன்றைக்கு நாலைந்து இடத்திலிருந்து வரும், மார்ச் மாதம் ஒன்றும் இருக்காது. நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வருடம் முழுக்கக் கொடுங்கள்.

நூல்பைத்தியம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாட்டி, சிஸ்டர், அண்ணா, திண்டுக்கல் தோழி, நீங்கள் சொன்னதை எல்லாம் எங்கள் குழுவில் வாசித்துக் காட்டினேன். முயல் காது ஆசைப்பட்டவர்கள் கொஞ்சம் முகத்தைச் சுளித்தார்கள், அப்புறம் சரியாகிவிட்டது. மாமியார் மட்டும் "நான் கேட்டதும் நல்ல கேள்விதானே" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்று ஆர்எம்ஓ அலுவலகத்தில் போய்க் கேட்டோம். காட்டன், வெள்ளை அல்லது வெளிர் நிறம், 26, 30, 33 மூன்று தலை அளவு, ஒவ்வொரு தொப்பியும் தனிப் பையில் அளவு எழுதி, என்று சொன்னார்கள். ரொம்பச் சின்ன வெள்ளைத் தொப்பி பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன், அந்த மேடம் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, கொண்டு வாருங்கள் என்றார்.

இரண்டு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. கடையில் "மில்க் காட்டன்" என்று ஒரு நூல் தொட்டால் ரொம்ப மிருதுவாக இருக்கிறது, அது காட்டன் கணக்கில் வருமா? நூல் நுனியை எப்படி முடித்தால் ஆட்டோகிளேவில் பிரியாமல் இருக்கும்?

குரோஷாபாட்டி:

மில்க் காட்டன் என்று பெயர்தான், பெரும்பாலும் கலப்பு. லேபிளைத் திருப்பிப் பார், நூறு சதவீதம் காட்டன் என்று இருந்தால் மட்டும் எடு. லேபிள் இல்லாத நூல்கண்டு என்றால் ஒரு துண்டு வெட்டி, சிங்க் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்து. காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பாக ஒரு மணி மாதிரி கெட்டிப்படும். கலப்பு என்றால் இரண்டும் சேர்ந்து வரும், அதையும் ஒதுக்கிவிடு. சவுகார்பேட்டையில் நான் வாங்குகிற கடைக்காரர் நான் போனாலே தீப்பெட்டியை எடுத்து வைத்துவிடுவார். போடுவதற்கு முன்னால் முழுக் கண்டையும் ஒருமுறை வெந்நீரில் அலசிக் காய வைத்துவிடு. காட்டன் முதல் துவைப்பில் சுருங்கும், தொப்பியான பிறகு சுருங்கினால் நீ அளந்த அளவெல்லாம் வீண்.

நுனிக்கு முடிச்சே வேண்டாம், முடிச்சு தலையில் குத்தும். 15 செ.மீ. நூல் விட்டு வெட்டி, மொட்டை ஊசியில் கோத்து, முதலில் ஒரு பக்கமாக ஏழெட்டுக் கண்ணிக்குள், அப்புறம் ஒரு இழையை விட்டுத் திரும்பி எதிர்ப்பக்கமாக, மறுபடி ஒருமுறை முதல் பக்கமாக ஓட்டு. மூன்று திசையில் போன நூல் எந்தத் துவைப்புக்கும் அசையாது. மேஜிக் ரிங் நுனியைத்தான் பலர் அவசரத்தில் கோட்டை விடுவார்கள், அதை வளையத்தைச் சுற்றி இரண்டு முறை ஓட்டிவிட்டு இறுக்கு, இல்லாவிட்டால் உச்சியில் ஓட்டை திறந்துகொள்ளும். முடித்த பிறகு உள்பக்கம் விரலை விட்டு நன்றாக இழுத்துப் பார், பிசிறு வெளியே தலை காட்டினால் அதைப் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டு.

பனியன்_கம்பெனி:

சிஸ்டர், அந்தக் கையில்லாத சட்டைக்கு மார்புச் சுற்றளவு, நீளம் எவ்வளவு என்று சொன்னால் பேட்டர்ன் வெட்டிப் பார்க்கிறேன். பட்டன் வேண்டாம், கயிறு கட்டுகிற மாதிரி வைக்கலாமா?

நைட்_டூட்டி:

கயிறு சரிதான், ஆனால் சின்னதாக, கட்டிய பிறகு விரல் நீளத்துக்கு மேல் தொங்கக் கூடாது. அளவை நாளை டூட்டியில் டேப் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் அண்ணா.